பம்ப்செட் நிபுணனுக்கு

அன்புள்ள மாப்பிள்ளை,

எட்டு மாத மௌனத்துக்கு நீ திட்டுவதற்குள் நானே திட்டிக்கொண்டுவிட்டேன். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. இனி அட்டைக் கதை.

ஆய்வகத்துக்கு எஃப்.பி.ஜி.ஏ. அட்டை (உள்சுற்றுகளை நம் வேலைக்கேற்ப மாற்றியமைக்கக்கூடிய சிப் உள்ள கணினி அட்டை) வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பார்த்தவை ஆல்வியோ வகையில் இரண்டு அட்டைகள்: யூ250இல் பெருக்கிக் கூட்டும் டிஎஸ்பி அலகுகள் 12,288, யூ280இல் 9,024. நினைவகமும் முன்னதில்தான் அதிகம். கல்யாணத்துக்கு அரிசி வாங்குகிறவன் போலப் பெரிய மூட்டையைத் தூக்கிவந்துவிட்டேன்.

எங்கள் வேலையோ, பெரும்பாலும் பூச்சியங்களாக இருக்கும் அணியை (வரிசையும் நிரலுமான எண் கட்டத்தை) வெக்டரால், அதாவது ஒற்றை எண் வரிசையால், பெருக்குவது. பூச்சியமல்லாத ஒவ்வோர் எண்ணுக்கும் மதிப்பு 8 பைட், அதன் இடக்குறி 4 பைட். 12 பைட்டை இழுத்துவந்து செய்வது ஒரு பெருக்கல், ஒரு கூட்டல். யூ250இன் டிடிஆர்4 நினைவகம் நொடிக்கு 77 ஜிபிதான் தரும். வகுத்துப் பார்: நொடிக்குச் சுமார் 640 கோடி எண்கள், தலைகீழாக நின்றாலும் அதற்கு மேல் வராது. அலகுகள் வேலையின்றித் தூங்குகின்றன. யூ280இல் இருக்கும் 8 ஜிபி எச்பிஎம்2 என்ற வேக நினைவகம் நொடிக்கு 460 ஜிபி தரும். எங்கள் அணி 5 ஜிபி, அதற்குள் அடங்கியிருக்கும். ஏழரை எச்.பி. மோட்டாருக்கு முக்கால் அங்குலக் குழாய் மாட்டியவன் என்று உன்னை இத்தனை வருடம் கேலி செய்தேனே, இப்போது நீ சிரித்துக்கொள்.

இன்னும் இருக்கிறது. வாங்கியது விசிறி இல்லாத வகை. சர்வர் பெட்டியின் காற்றை நம்பிச் செய்தது. மேசைக் கணினியில் செருகினேன். சில நிமிடங்களில் சூடேறித் தானே நின்றுவிட்டது. அட்டைப்பெட்டியை வெட்டிக் குழல் செய்து, அதன் வாயில் மேசை விசிறியை நிறுத்தியிருக்கிறேன். ஓடுகிறது, அறையில்தான் யாரும் பேச முடிவதில்லை.

கேலி போதும். என்னிடம் ஓர் ஆய்வு மாணவி இருக்கிறாள். ஒரு வரியை மாற்றினால் சிப்புக்குள் இடம் ஒதுக்கி இணைப்புப் போட்டு முடிக்கவே ஆறு மணி நேரம். இரவில் ஓடவிட்டுப் போகிறாள். காலையில் வந்தால் டைமிங் தவறியிருக்கிறது, அதாவது சிக்னல்கள் குறித்த நேரத்துக்குள் போய்ச் சேரவில்லை. என் பிழைக்கு அவளுடைய வருடம் கரைகிறது. ஜிபியூ (கிராபிக்ஸ் சிப்) அட்டை வாங்கக் கூடாதா என்பாய். இந்த வேலைக்கு அதுதான் சரி என்று ஒப்புக்கொள்கிறேன்.

மரபணு வரிசைகளை ஒப்பிடும் வேலைக்கு அவளை மாற்றலாமா என்று யோசிக்கிறேன். ஓர் எழுத்துக்கு 2 பிட் போதும், கணக்கெல்லாம் சிப்புக்குள்ளேயே சுழலும், யூ250க்குப் பொருத்தமானது. ஆனால் வாங்கிய அட்டைக்கு ஏற்ப ஒருத்தியின் ஆய்வைத் திருப்புவது நியாயமா? மழுப்பாமல் எழுது.

மேசை விசிறி விஷயம் பெரியவர் காதுக்குப் போக வேண்டாம். அது அவர் அறையிலிருந்து எடுத்தது.

உன்,
குழாய்க்காரன்