தங்கச்சிக்கு, சுங்கை சிப்புட்டிலிருந்து

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா
ஞாயிறு இரவு

அன்புத் தங்கச்சிக்கு,

நேற்று அம்மா போனில் சொன்னதிலிருந்து மனசு ஆறவில்லை. கரூர் கம்பெனியில் உன்னை லைன் சூப்பர்வைசராகப் போடுகிறோம் என்றதற்கு, "எனக்கு அதெல்லாம் வராது சார்" என்று சொல்லிவிட்டாயாமே. ஆறு வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவள் நீ. துணியைக் கையில் வாங்கினதுமே எந்தத் தையல் பிரியும் என்று சொல்லிவிடுவாய். உனக்கு வராமல் வேறு யாருக்கு வரும்? திட்டுவதற்காக எழுதவில்லை. இதே வார்த்தையை நானும் சொல்லிக்கொண்டு இருந்தவள்.

நான் இந்தச் செம்பனை எண்ணெய் ஆலையில் சேர்ந்தது 2016இல். லாரியில் வந்து இறங்கும் குலைகளில் பழம் எத்தனை, காய் எத்தனை என்று பார்த்துப் பதிவதுதான் வேலை. காய்க்குலையில் எண்ணெய் குறைவு. வெட்டின குலை நாள்கணக்கில் கிடந்தாலோ எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். அதனால் அந்த இடத்தில் நிற்பவளுக்குக் கண்ணும் வேண்டும், வாயும் வேண்டும். கண் இருந்தது, மலாய் தெரியாததால் வாய் இல்லை. 'மசாக்' என்றால் பழுத்தது, 'மெந்தா' என்றால் காய் என்பதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தது கூட வேலை பார்த்த மலாய்க்கார அக்காதான். இங்கே அக்காவை 'காக்' என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

நான் வேலை பழக்கிவிட்ட இரண்டு பையன்கள் எனக்கு மேலே போனார்கள். ஒருமுறைகூட நான் வாய் திறந்து கேட்கவில்லை. நன்றாக உழைத்தால் அவர்களாகவே கூப்பிடுவார்கள் என்று இருந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பாட்டி பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு 31 வருஷம் காட்டுக்குப் போனவர். அங்கே மண்டோராக, அதாவது வேலையாட்களை மேய்க்கும் மேஸ்திரியாக இருந்தவர்கள் எல்லாரும் ஆம்பளைகள். அதில் ஒருத்தருக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே பாட்டிதானாம். "பட்டையைக் காயப்படுத்தாம வெட்டத் தெரியும்மா எனக்கு. மண்டோர் வேலையைக் கேக்கலாம்னுதான் தெரியல" என்றார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் பிள்ளை படிக்கும் மகாத்மா காந்தி கலாசாலையை 1954இல் திறந்து வைத்தவர் விஜயலட்சுமி பண்டிட். ஐ.நா. பொதுச் சபையின் முதல் பெண் தலைவர் அவர். பாட்டி அப்போது சின்னப் பிள்ளை, அண்ணன் தோளில் உட்கார்ந்து பார்த்தாராம். "அந்தம்மா பேசினது ஒண்ணும் புரியல, ஆனா எல்லாரும் கேட்டுக்கிட்டு நின்னாங்க" என்று இன்றைக்கும் சொல்கிறார்.

பாட்டி அந்த மண்டோர் கதையைச் சொன்ன மறுநாளே ஒரு நோட்டுப் போட்டேன். எந்த லாரியில் தகராறு, என் கணக்கு எத்தனை தடவை சரியாக வந்தது, யார் யாருக்கு வேலை பழக்கினேன் என்று மூன்று மாதம் எழுதினேன். மலாயைக் காக் திருத்தினார். உன் மாமா மேனேஜர் மாதிரி உட்கார, சமையல்கட்டில் நின்று பேசிப் பழகினேன். பிறகு போய் சூப்பர்வைசர் வேலையைக் கேட்டேன். "ஆறு மாசம் பார்க்கலாம்" என்றார்கள், சம்பளம் ஏற்றாமல். அது நியாயமில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். உன்னிடமும் அப்படிச் சொன்னால், எந்தத் தேதியிலிருந்து ஏற்றுவார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்.

முதல் வாரமே ஒரு லாரிக்காரர், "ஆம்பளை யாரையாவது கூப்பிடு" என்றார். நூறு குலையை இறக்கச் சொல்லி அவர் முன்னாலேயே எண்ணினேன். பதினாலு காய். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நோட்டுக்கு அடியில் என் கை நடுங்கியது அவருக்குத் தெரியாது.

இங்கே 2023 ஜனவரியிலிருந்து பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகிவிட்டது. நம் ஊர்ச் சட்டத்தில் முதல் இரண்டு பிள்ளைக்கு 26 வாரம் உண்டு, அதைத் தெரிந்து வைத்துக்கொள். பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பைக் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும் என்பதும் இங்கே சட்டம்தான். எங்கள் ஆலையில் அது ஆபீஸ் கதவுக்குப் பின்னால் கிடந்தது. நான் சூப்பர்வைசரானதும் தமிழிலும் எழுதி, பெண்கள் கையெழுத்துப் போடும் மேசைக்கு மேலேயே ஒட்டினேன். இப்போது புதிதாக வரும் பிள்ளைகள் அதை நின்று படிக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை வரை நீ யோசிக்க நேரம் கேட்டு அம்மா உன் சாரிடம் பேசியிருக்கிறாராம். அதற்குள் நீ சரி பண்ணின பீஸ், பழக்கிவிட்ட பெண்கள், திரும்பி வராமல் தடுத்த ஆர்டர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுது. புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடு. இங்கே பத்தரை ஆகியிருக்கும், பரவாயில்லை. நான் உன் சார் மாதிரி கேட்கிறேன், நீ பதில் சொல்.

அம்மாவின் கால்வலி மாத்திரைக்குத் தனியாகப் பணம் அனுப்பியிருக்கிறேன்.

உன் அக்கா