அக்கா, முதலில் கொஞ்சம் படுத்தெழும்புங்கோ

அன்புள்ள அக்காவுக்கு,

செவ்வாய்க்கிழமை இரவு இரண்டரை மணிக்கு நீங்கள் அனுப்பிய குரல்பதிவை விடிந்த பிறகுதான் கேட்டேன். பின்னால் அம்மா முனகுகிற சத்தம், வயல் பக்கம் தவளைகள், நடுவில் நீங்கள். "எனக்குச் செபம் வருகுதில்லையடி. செபமாலையைக் கையில எடுத்தா முதல் பத்து முடியமுன்னமே நித்திரை. ஆண்டவர் என்னைக் கைவிட்டிட்டாரோ தெரியேல்ல." அவ்வளவுதான். பதினெட்டு விநாடி.

எல்லாரும் பார்க்கிற இடத்தில் பதில் எழுதுகிறேன் என்று கோபிக்காதீர்கள். அந்த நேரத்தில் விழித்திருக்கிற பெண்கள் எங்கள் பக்கத்தில் நீங்கள் ஒருவர் மட்டுமா?

அம்மா பாரிசவாதம் வந்து படுத்து நான்கு வருடம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும் என்று அலாரம் வைத்து எழும்புகிறீர்கள். காலபோக நெல் விதைத்து மூன்று கிழமை, பன்றிக்குக் காவல் இருக்க ஆள் இல்லை. வியாழக்கிழமை விடிந்தால் கடனுக்கான கிழமைக் காசு வாங்க மோட்டார் சைக்கிளில் ஆள் வந்து படலையடியில் நிற்கும். அப்புறம் காணாமல்போன அத்தானின் படம். 2009இல் இருந்து எத்தனை விசாரணைக்கு அதைக் கொண்டுபோயிருப்பீர்கள்? லமினேற் பண்ணின அந்தப் படத்தின் ஒரு மூலை பிரிந்து, ஈரம் உள்ளே போய், அத்தானின் தோள் பக்கம் மஞ்சளாகிக் கிடக்கிறது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடுகிற அம்மாமாரின் போராட்டம் தொடங்கியபோது நீங்களும் போய் இருந்தீர்கள். முருகன் வாசலில், மடியில் படம், கையில் செபமாலை.

இவ்வளவையும் சுமக்கிறவள் முதல் பத்து முடியமுன்னம் தூங்கிப்போனால் அதற்குப் பெயர் களைப்பு. விசுவாசத்தை ஏன் அதற்குள் இழுக்கிறீர்கள்?

இறைவாக்கினர் எலியாவின் கதையைத் திரும்ப ஒருமுறை வாசித்தேன், அரசர்கள் முதலாம் புத்தகம், 19ஆம் அதிகாரம். கார்மேல் மலையில் வானத்திலிருந்து நெருப்பையே இறக்கின மனுசன். அது முடிந்த கையோடு, அரசி ஈசபேல் கொல்லப்போகிறாள் என்று கேள்விப்பட்டதும் பெயேர்செபா மட்டும் ஓடி, கூட வந்த வேலையாளையும் அங்கே விட்டுவிட்டு, தனியே ஒரு நாள் தூரம் வனாந்தரத்துக்குள் போய், ஒரு சூரைச்செடிக்குக் கீழே விழுந்துவிடுகிறார். "போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்று கேட்டுவிட்டு அப்படியே நித்திரை.

சின்ன வயதில் இதை வாசித்தபோது எனக்கு அவர்மேல் சரியான பாவமாக இருந்தது. சூரை என்றால் எங்களுக்குத் தெரிந்தது பள்ளிக்கூடம் முடிந்து வரும்போது பழம் பிடுங்கித் தின்கிற அந்த முள்ளுப் பற்றைதானே. இந்த மனுசன் போயும் போயும் முள்ளுக்குள்ளேயா படுத்தார் என்று நினைப்பேன். வேதாகமத்தில் வருவது பாலைவனத்தில் வெள்ளைப் பூப் பூக்கிற வேறொரு செடியாம், அதற்கு முள்ளே இல்லையாம். பிறகு அறிந்தேன். ஆனாலும் எனக்கு இன்னும் எங்கள் சூரைக்குக் கீழேதான் எலியா படுத்திருக்கிறார்.

சாவைக் கேட்டவருக்கு ஆண்டவர் என்ன செய்தார் பாருங்கள். புத்தி சொல்லவில்லை. நேற்று நெருப்பு இறக்கினவனுக்கு இன்று என்ன வந்தது என்று கேட்கவும் இல்லை. ஒரு தூதர் வந்து தட்டி எழுப்புகிறார். தலைமாட்டில் சுடுகல்லில் சுட்ட அப்பமும் ஒரு குவளை தண்ணீரும். எலியா சாப்பிட்டுவிட்டு, நன்றியும் சொல்லாமல், திரும்பவும் படுத்துவிடுகிறார்! தூதர் விடுகிறார், தூங்கட்டும் என்று. இரண்டாம் முறை எழுப்பும்போதுதான் போகவேண்டிய வழி நீளம் என்கிற கதையே வருகிறது. அந்தச் சாப்பாட்டின் பலத்தில் நாற்பது நாள் நடந்து ஓரேபு மலைக்குப் போய்ச் சேர்ந்தார். மனதில் இருந்த முறைப்பாட்டை ஆண்டவர் கேட்டது அங்கேதான். சாப்பாடும் நித்திரையும் முதல், பேச்சு பிறகு.

இதை எனக்குக் காட்டியது நீங்கள்தான் அக்கா. நினைவிருக்கிறதோ தெரியாது. அப்பா செத்த வருடம் நான் கோயில் பக்கமே போகாமல் கிடந்தேன். ஒருவர் வீடு தேடி வந்து, "உனக்கு விசுவாசம் குறைஞ்சு போச்சு, அதுதான் இந்தச் சோதனை" என்றார். அவருக்குத் தேத்தண்ணியும் போட்டுக் கொடுத்துவிட்டு, அவர் போன பிறகு குசினிக்குள் இருந்து அழுதேன். அடுத்த நாள் நீங்கள் வந்தீர்கள். ஒரு கதையும் இல்லை. நேரே அடுப்படிக்குப் போய் மாவைக் குழைத்து ரொட்டி தட்டினீர்கள், அம்மியில் சம்பல் அரைத்தீர்கள். "எழும்பு, சாப்பிடு." சாப்பிட்டேன். "இனிப் படு." படுத்தேன். கண் விழித்தபோது பின்நேரம். முற்றம் கூட்டியிருந்தது, உடுப்பெல்லாம் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. மறுநாளும் வந்தீர்கள், அதே ரொட்டி. மூன்றாம் நாள்தான், சைக்கிளைத் திருப்பிக்கொண்டே, "ஞாயிறு பூசைக்கு வாறியோ?" என்று கேட்டீர்கள்.

செபம் வராத இரவுகளுக்கு 88ஆம் திருப்பாடல் இருக்கிறது. மற்ற அழுகைப் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது ஒரு வெளிச்சத்துக்கு வந்துவிடும். இது வராது, இருட்டிலேயே முடிகிறது. அதைத்தான் திருச்சபை வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் வைத்திருக்கிறது. அதுகூடச் சொல்ல முடியாவிட்டால் விடுங்கள். திமிர்வாதக்காரனை நான்கு பேர் தூக்கி வந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அவன் ஒரு செபமும் சொன்னதாக மாற்கு எழுதவில்லை. தூக்கினவர்களின் விசுவாசத்தைப் பார்த்துத்தான் இயேசு அவனோடு பேசினார்.

2008 ஏப்ரலில் மன்னார் மடு மாதாவின் திருச்சொரூபத்தை ஷெல்லுக்குப் பயந்து தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனபோது அம்மா சொன்னதை நான் மறக்கவில்லை: "மாதாவும் எங்களோட வெளிக்கிட்டிட்டா." அந்தச் சொரூபம் மடுவுக்கு வந்ததே அப்படித்தானே. 1670இல் கத்தோலிக்கரைத் துன்புறுத்தின ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையில் இருந்து சனம் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு ஓடினது. ஓகஸ்ட் திருவிழாவுக்கு நாங்கள் போய்க் கும்பிடுகிற மாதாவையே ஆட்கள் தூக்கித்தான் வந்திருக்கிறார்கள். உங்களைத் தூக்க ஆள் வரக்கூடாதா?

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். இரண்டு கிலோ கோதுமை மாவும் ஒரு தேங்காயும் கொண்டுவருவேன், நீங்கள் ஒன்றும் வாங்கி வைக்க வேண்டாம். அம்மாவை எந்தப் பக்கம் எத்தனை மணிக்குத் திருப்பினீர்கள் என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள், மிச்சத்தை நான் பார்ப்பேன். பன்றிக் காவலுக்குத் தம்பியும் வருவான், கேட்டுவிட்டேன். செபமாலையை அம்மாவின் தலைமாட்டில் நான் இருந்து சொல்கிறேன். போனை என்னிடம் தந்துவிட்டு அறைக்குள் போய்ப் படுங்கள். ஞாயிறு பூசைக்கு எழும்பாவிட்டாலும் எழுப்பமாட்டேன். ரொட்டி மூடி வைத்திருக்கும்.

உங்கள்,
தங்கச்சி