தராசு முள்ளும் தவிட்டு மூட்டையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மூத்தோர் பக்கத்தில், "அறுபதுக்கு மேல் எடை ஏறாமல் இருந்தாலே உடம்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தம்" என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு என் மனைவி, "பாத்தீங்களா, பத்திரிகையிலேயே போட்டுட்டாங்க, நீங்கதான் சும்மா பயப்படுறீங்க" என்று இன்னும் இரண்டு இனிப்புப் பணியாரத்தைத் தட்டில் வைத்தாள். எனக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை.

கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் 38 வருடம் கணக்கு எழுதியவன் நான். ஐம்பது கிலோ மூட்டையில் ஐந்து கிலோ துவரம்பருப்பை உருவிவிட்டு ஐந்து கிலோ தவிட்டைப் போட்டுத் தைத்தாலும் தராசு ஐம்பதுதான் காட்டும். மூட்டை மட்டும் கொஞ்சம் உப்பித் தெரியும். என் உடம்பும் அப்படித்தான். வேலையை விட்டபோது 64 கிலோ, 71 வயதில் இன்றைக்கும் 64 கிலோ. இடையில் அரைஞாண் கயிற்றை மூன்று தடவை நீளமாக மாற்றியாகிவிட்டது. தொடையோ, வேட்டியை மடித்துக் கட்டக் கூச்சப்படும் அளவுக்கு வற்றிப்போய்விட்டது. தசை போன இடத்தில் கொழுப்பு வந்திருக்கிறது. மொத்தம் டாலி ஆகிறது, அவ்வளவுதான். சர்க்கரை தெரிவதற்கு முந்தைய வருடம்கூட ஒரு இளம் டாக்டர் என்னை எடை மிஷினில் ஏற்றி இறக்கி, "நார்மல்தான் தாத்தா" என்று அனுப்பிவைத்தார். அவரும் உங்கள் வாசகராக இருப்பார்போல.

எங்கள் கடையில் மூட்டை தூக்கிய அண்ணன் என்னைவிட நாலு வயது மூத்தவர். எடை ஏறக்குறைய என் எடைதான். கெண்டைக்கால் இன்னும் கல்லு மாதிரி. விளக்குத்தூண் பக்கம் பார்த்தால் சர்க்கரை தூக்கலாக டீ வாங்கிக் குடிக்கிறார், நான் கசப்பாகக் கடுங்காப்பி குடிக்கிறேன். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிவைக்கும் கிடங்கு தசைதான். கிடங்கு சுருங்கி, மிச்சத் தசைக்குள்ளும் கொழுப்பு புகுந்து, அதிலுள்ள மைட்டோகாண்ட்ரியாவும் (சர்க்கரையை எரித்துச் சக்தியாக்கும் குட்டி அடுப்புகள்) மந்தமாகிவிட்டால் சரக்கு தெருவிலேதானே நிற்கும்? தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு அவ்வளவு வில்லங்கம் இல்லை. குடலையும் ஈரலையும் சுற்றிச் சேருகிறதே, அதுதான்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டுக் காட்டினார்களே. இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எவ்வளவு எடை என்ற கணக்கு, 22.3. உடல் கொழுப்பு மட்டும் வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. நீங்களோ போன தீபாவளி மலரில், நாற்பதைத் தாண்டியதும் மெட்டபாலிசம் (உடம்பு சக்தியை எரிக்கும் வேகம்) படுத்துவிடும் என்று எழுதினீர்கள். 20-லிருந்து 60 வரை அது பெரிதாக மாறுவதில்லை, அதற்குப் பிறகுதான் இறங்குகிறது என்று 2021-லேயே சயின்ஸ் இதழில் வந்தாகிவிட்டது. அப்போதே எழுதியிருப்பேன், பண்டிகை நேரம் என்று விட்டுவிட்டேன்.

சொல்ல வந்தாயிற்று, இதையும் சொல்லிவிடுகிறேன். மூத்தோர் பக்கத்தை எறும்பு எழுத்தில் அச்சடிக்கிறீர்கள், எதிர்ப்பக்க நகைக்கடை விளம்பரம் தெப்பக்குளத்துக்கு அந்தக் கரையிலிருந்தே தெரிகிறது. உடற்பயிற்சி என்றால் 25 வயதுப் பையன் படம். துணுக்குப் பக்கத்தில் 'பானை வயிறு, குச்சிக் கால் தாத்தா' ஜோக். இந்தச் சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வைகை மணலில் உட்கார்ந்துவிட்டு, முன்பின் தெரியாத இரண்டு பையன்கள் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கித்தான் எழுந்தேன். உங்கள் ஜோக்தான் ஞாபகம் வந்தது.

வயசானால் அவ்வளவுதான் என்றும் யாரும் எழுத வேண்டாம். 1990-லேயே அமெரிக்காவில் 86-லிருந்து 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முடித்தவர்களுக்குக் கால் பலம் சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் போனது. நடைப்பயிற்சி போதும் என்று வாராவாரம் எழுதுகிற உங்கள் கட்டுரையாளர் கவனத்துக்கு.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஒரு சின்னக் கட்டம், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில்: இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினால் கவனிக்கவும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்கார 12 வினாடிக்கு மேல் ஆனாலும் டாக்டரிடம் கேட்கவும். பேரன் செல்போனில் நேரம் பார்த்தான், எனக்கு 19.

போன தடவை என் கடிதத்தில் குறையெல்லாம் வெட்டிவிட்டு, "இதழ் அருமை" என்ற ஒரு வரியை மட்டும் போட்டிருந்தீர்கள். இந்தத் தடவை அந்த வரியை நான் எழுதவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடைக் கணக்கர்,
செல்லூர், மதுரை