டோவர் போய்வந்த கதை

லண்டன்
செப்டம்பர் 18

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. பள்ளியின் பழைய ஆய்வகத்தை இடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். உன் அமில பாட்டில்களை இனி யார் கட்டிக் காக்கப்போகிறார்களோ! நான் நலம். இங்கே மகளும் மாப்பிள்ளையும் வேலைக்கு ஓடுகிறார்கள், பேத்தி பள்ளிக்கு ஓடுகிறாள், நான் சாம்பார் வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, இங்கிலாந்தின் தென்கிழக்குக் கடற்கரையில் இருக்கும் டோவர் கோட்டைக்கு அழைத்துப்போனார்கள். செயின்ட் பாங்க்ரஸில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். அங்கிருந்து பிரான்ஸ் வெறும் 33 கிலோமீட்டர். கோட்டை அங்கே ஏன் நிற்கிறது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

ஆனால் நடுவே நிற்கும் பெரிய கோபுரத்துக்கு வேறு ஒரு கதை இருக்கிறது. 1170-ல் கேன்டர்பரி தேவாலயத்துக்குள் பேராயர் தாமஸ் பெக்கெட்டை வெட்டிக் கொன்றார்களே, நினைவிருக்கிறதா? இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றியின் கோபப் பேச்சைக் கேட்டுவிட்டு அவனுடைய வீரர்கள் செய்த காரியம் அது. மூன்றே ஆண்டுகளில் பெக்கெட்டைப் புனிதராக்கிவிட்டார்கள். அவர் கல்லறையைக் கும்பிட 1179-ல் பிரெஞ்சு மன்னன் ஏழாம் லூயியே டோவரில் வந்து இறங்கினான். அத்தகைய விருந்தாளியைத் தங்கவைக்க ஹென்றிக்கு அங்கே தகுந்த மாளிகை இல்லை. அதன் பிறகுதான் ஆறாயிரம் பவுனுக்கு மேல் கொட்டி, 1180-களில் இந்தக் கோபுரத்தை எழுப்பினான். தன்னால் செத்தவரைக் கும்பிட வருபவர்களுக்குத் தன் பெருமையைக் காட்ட ஒரு கட்டடம்! சுவர் சில இடங்களில் ஆறு மீட்டருக்கு மேல் தடிமன். உள்ளே அரசவையை அந்தக் காலத்தில் இருந்தபடி அமைத்து, சிவப்பும் நீலமுமாக வண்ணம் தீட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது நாடக மேடையாகத்தான் பட்டது. பேத்திக்கோ சிம்மாசனத்தைவிட்டு நகரவே மனமில்லை.

என்னைப் பிடித்து நிறுத்தியது கோட்டைக்கு அடியில் இருக்கும் பாறை. உன் பாடம்தான் அது. அந்த மலை முழுவதும் சுண்ணப்பாறை. நாம் காலமெல்லாம் கரும்பலகையில் தேய்த்தது பெரும்பாலும் ஜிப்சம் என்று நீ பிள்ளைகளைத் திருத்திக்கொண்டே இருப்பாயே, இங்கே இருப்பது அசல் சரக்கு. விரலால் தேய்த்தால் வெள்ளையாக ஒட்டுகிறது. நடுநடுவே கறுப்பாகச் சக்கிமுக்கிக் கற்கள் வரிசைகட்டி நிற்கின்றன. இவ்வளவு மெத்தென்ற கல்லின் மேலா இவ்வளவு பெரிய கோட்டை என்று தோன்றியது.

அந்த மென்மைதான் 1216-ல் கோட்டையைக் கவிழ்க்கப் பார்த்தது. பிரெஞ்சு இளவரசன் லூயியின் ஆட்கள் வடக்கு வாசலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி, ஒரு கோபுரத்தையே சரித்துவிட்டார்கள். உள்ளே இருந்த கோட்டைத் தளபதி ஹியூபர்ட் டி பர்கின் வீரர்கள் மரங்களைப் போட்டு உடைப்பை அடைத்து, எப்படியோ தாக்குப்பிடித்தார்கள். அதற்குப் பிறகு அந்த வாசலையே மூடிவிட்டு, மேற்குப் பக்கம் புது வாசல் கட்டினார்கள். எதிரியிடம் கற்ற பாடமோ என்னவோ, தாங்களும் பாறைக்குள் தோண்ட ஆரம்பித்தார்கள். நெப்போலியன் காலத்தில் இடம் போதாமல் செங்குத்துப் பாறைக்குள்ளேயே சுரங்கம் குடைந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களைக் குடிவைத்தார்கள். 1940-ல் பிரான்ஸின் டன்கர்க் கரையில் ஜெர்மானியரிடம் சிக்கிக்கொண்ட படைகளைக் கப்பல்களில் மீட்கும் வேலையை வைஸ் அட்மிரல் பெர்ட்ராம் ராம்சே நடத்தியது அதே சுரங்கங்களில் இருந்துதான். நாற்பத்தைந்தாயிரம் பேரை மீட்டாலே பெரிது என்று தொடங்கி, மே 26 முதல் ஜூன் 4-க்குள் 3,38,000 பேரைக் கரை சேர்த்தார்கள். அப்போது பிரான்ஸில் கோவேறு கழுதைகளோடு நம் இந்தியப் படைப்பிரிவினரும் இருந்தார்கள் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். கழுதைகளை விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று என்றதும், பேத்தி அதையே பிடித்துக்கொண்டு மாலைவரை கேள்வி கேட்டாள்.

மதியம் கட்டுச்சோற்றை முடித்துவிட்டுப் பாறை விளிம்புப் பாதைக்குப் போனோம். கீழே துறைமுகத்தில் பிரான்ஸின் கலேவுக்குப் போகும் கப்பல்களுக்குள் லாரிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. துறைமுகம் கடலைத் தடுத்து நிற்கும் இடத்தில் பாறைமேல் செடி கொடி மண்டிப் பச்சையாக இருக்கிறது. அலை அடித்து அரித்துக்கொண்டே இருக்கும் பகுதிதான் பளீரென்று வெள்ளை. இடிவதை நிறுத்தினால் அந்தப் பேர்போன வெள்ளையும் போய்விடும். 2012-ல் லாங்டன் பக்கம் ஒரு பெரும் துண்டு அப்படியே கடலில் விழுந்திருக்கிறது. இது தெரிந்தும் சில இளசுகள் விளிம்பில் காலைத் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குள் இருந்த டீச்சர் கிளம்பிவிட்டாள். தமிழில்தான் அதட்டினேன். உடனே எழுந்து பின்னால் வந்துவிட்டார்கள், போ!

முழங்கால் ஒத்துழைக்காததால் நான் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்கள் சவுத் ஃபோர்லேண்ட் கலங்கரை விளக்கம்வரை போய்வந்தார்கள். 1898-ல் மார்க்கோனி கடலில் நின்ற கப்பலோடு கம்பியில்லாமல் செய்தி பரிமாறிப் பார்த்த இடம் அது. நான் உட்கார்ந்திருந்தபோது என் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. ‘பிரான்ஸுக்கு வரவேற்கிறோம்’ என்றது! அக்கரை டவர் இக்கரையில் பிடிக்கிறது. கட்டணம் ஏறிவிடுமோ என்று பயந்து போனையே அணைத்துவிட்டேன். திரும்பி வந்தவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, என்னைக் காணவில்லை என்று தேடியது தனிக்கதை.

சேலைக் கரையில் படிந்த வெள்ளைத் தூசி இரண்டு முறை துவைத்த பிறகுதான் போனது. பாறையில் இருந்து பெயர்க்கக் கூடாதாம், அதனால் உனக்கு ஒரு துண்டுகூடக் கொண்டுவரவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

நான் ஜனவரியில் திரும்புகிறேன். உன் கண்புரை ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே. ஒரு கண்ணை இப்போதே முடித்துக்கொள். மற்றதற்கு டாக்டர் ஜனவரிக்கு மேல் தேதி கொடுத்தால், சொட்டு மருந்து விட நான் வந்து இருக்கிறேன். தேதி தெரிந்ததும் எழுது.

அன்புடன்,
விஜயா