காட்டு வர்ணனை கதைக்குத் தடையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், ஜவ்வாது மலையைக் களமாகவும் செம்மரக் கடத்தலைப் பின்னணியாகவும் கொண்ட மர்ம நாவல் ஒன்றுக்கு மதிப்புரை வெளியிட்டிருந்தீர்கள். மலையேற்றக் குழுக்களை நெடுங்காலம் வழிநடத்திய ஒருவரின் முதல் நூலான அதை நானும் அண்மையில்தான் படித்து முடித்தேன். முற்பகுதியில் காட்டு வர்ணனையைக் குறைத்திருந்தால் கதை இன்னும் விறுவிறுப்பாகச் சென்றிருக்கும் என்பது மதிப்புரையாளரின் தீர்ப்பு. ஒடுகத்தூர்ப் பக்கம் பிறந்து, ஜவ்வாதின் ஒரு பகுதியான பீஞ்சமந்தை மலையை நாள்தோறும் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் இதனை நான் ஏற்க இயலாது. அப்பக்கங்களை நீக்கிவிட்டால் எஞ்சுவது எந்த நாவலிலும் கிடைக்கும் துரத்தலும் துப்பாக்கியும்தான்.

கதையின் முதல் முடிச்சே அந்த வர்ணனைக்குள்தான் விழுகிறது. மழை நனைக்காத பாறை ஒதுக்கொன்றில், புழுதியில் பதிந்த செருப்புத் தடத்தைக் கண்டு, காணாமற்போன தொழிலாளி அன்று காலையில்தான் அவ்வழியே சென்றிருக்க வேண்டும் என்று காவலர்கள் முடிவுகட்டுகிறார்கள். உடன் வந்த வழிகாட்டியோ, குதிகால் பதிந்த இடத்தில் குழியானை என்னும் சிறு பூச்சிகள் பறித்திருந்த இரண்டு குழிகளைச் சுட்டிக்காட்டி, தடம் அன்று காலைக்கும் முந்தையது என்கிறார். சிறுவயதில் குழியானையைப் புழுதியோடு அள்ளி உள்ளங்கையில் ஓடவிட்டு விளையாடாதவர் நம் பக்கத்தில் உண்டா? அத்தனை எளிய ஒன்றைக்கொண்டு காவல்துறையின் கணக்கு முழுவதையும் தலைகீழாக்கியதைப் படித்தபோது வியந்துபோனேன்.

வற்றிய ஏரிக்கரையில் நிகழும் இரவுக் காட்சியும் அத்தகையதே. ஒளிந்திருப்பவன் இருமவில்லை, சருகை மிதிக்கவில்லை, கைப்பேசியையும் அணைத்து வைத்திருக்கிறான். ஆனால் தரையில் முட்டையிட்டிருந்த ஆள்காட்டிக் குருவி அவன் தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தத் தொடங்குகிறது, தேடி வந்தவர்களின் விளக்குகள் அப்பக்கம் திரும்புகின்றன. அந்தப் பறவை கூடு வைக்கும் இடத்தை முப்பது பக்கங்களுக்கு முன்பே போகிற போக்கில் ஆசிரியர் சொல்லி வைத்திருக்கிறார். மதிப்புரையாளர் குறைக்கச் சொல்லும் பகுதியில்தான் அதுவும் வருகிறது. கரடிக்குப் பார்வை மங்கல், மோப்பம் கூர்மை என்பதும், இலுப்பைப் பூ உதிரும் காலத்தில் விடியற்காலையில் அம்மரத்தடிக்குப் போகக்கூடாது என்பதும் இவ்வாறே முதலில் வெறும் செய்தியாக வந்து, பின்னர் ஓர் உயிரைக் காக்கின்றன.

நூலில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. கதை மலையை விட்டிறங்கிச் சென்னைக்குச் சென்றதும் எழுத்தின் பிடி தளர்ந்துவிடுகிறது. கடத்தல்காரர் குளிரூட்டிய அறையில் அமர்ந்து மூன்று பக்கங்களுக்குத் தம் திட்டத்தைத் தாமே விளக்குவது, பழைய திரைப்பட வில்லன்களைக் கண்ட எவருக்கும் சிரிப்பையே வரவழைக்கும்.

இதனினும் பெரிய குறை ஒன்றை மதிப்புரையாளர் தொடவேயில்லை. செம்மரம் இயற்கையாக வளர்வது ஆந்திரத்தின் சேஷாசலம் முதலிய மலைகளில். அதை வெட்டுவதற்கு முன்பணம் கொடுத்து அழைத்துச் செல்லப்படுபவர்களில் நம் மலைக் கிராமத்தார் பலர். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் உயிரிழந்ததையும், அவர்களில் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தார் மிகுதி என்பதையும் இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டுக் கோடையையே கதைக்காலமாகத் தேர்ந்துகொண்ட ஆசிரியர், காணாமற்போனவரின் மனைவிக்கு ஒதுக்கியிருப்பது இரண்டே பக்கங்கள். சாமை விளைச்சல் பொய்த்ததும், தரகர் வீட்டு வாசலுக்கே வந்து பணத்தை எண்ணிக் கொடுத்ததும் அவர் வாயிலாக ஒரு பத்தியில் சொல்லப்பட்டு, அத்தோடு அந்தப் பெண் கதையிலிருந்து மறைந்துவிடுகிறார். புழுதியில் கிடக்கும் தடத்தை அவ்வளவு பொறுமையாகப் படிக்கத் தெரிந்தவர், அத்தடத்துக்கு உரியவரின் வீட்டுக்குள்ளும் சற்று நேரம் அமர்ந்திருக்கலாம். அங்கே இன்னும் ஐம்பது பக்கங்கள் நீண்டிருந்தாலும் நான் அலுத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

பதிப்பகத்தார் கவனத்துக்கு ஒரு சிறு திருத்தம். நூலின் முன்பக்கத்தில் உள்ள வரைபடம் ஆலங்காயத்தையும் காவலூரையும் திருப்பத்தூர் மாவட்டத்தில் காட்டுகிறது. அம்மாவட்டம் வேலூரிலிருந்து பிரிக்கப்பட்டதோ 2019 நவம்பரில்தான். கதை நடப்பது 2015இல் என்பதால், அடுத்த பதிப்பில் அவ்விரண்டு ஊர்களையும் வேலூர் மாவட்டத்துக்குள்ளேயே காட்டிவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ஒடுகத்தூர், வேலூர் மாவட்டம்.