கணக்கு சாருக்கும் கூட நின்றவர்களுக்கும்

ஊர்ப் பெரியவர்களுக்கும், எங்கள் பள்ளி ஆசிரியர்களுக்கும், கூடப் படித்தவர்களுக்கும் வணக்கம்.

நீர்வளத் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்துவிட்டேன். வீடு தேடி வந்து வாழ்த்தியவர்கள், போனில் பேசியவர்கள் எல்லாருக்கும் தனித்தனியே பதில் சொல்ல முடியவில்லை. அதற்காக இந்த மடல். முதல் நன்றி கணக்கு சாருக்கு. பெயரைப் போட்டால் பேசமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கோரையாற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் எங்கள் கடைமடைப் பக்கம் அவரைத் தெரியாத ஆளில்லை, அதனால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன்.

நாங்கள் எட்டாம் வகுப்பு வந்தது 2014-ல். கணக்குப் புத்தகத்தில் எதிரெதிரே ஓடும் ரயில்கள் வரும். அகலப்பாதை வேலைக்காக எங்கள் பக்கம் அப்போது ரயிலையே நிறுத்தி வைத்திருந்தார்கள். சார் ரயிலை விட்டுவிட்டு, பேப்பரில் தினமும் கட்டம் கட்டி வரும் மேட்டூர் அணை நிலவரத்தைக் கரும்பலகை ஓரத்தில் எழுத ஆரம்பித்தார். நீர்மட்டம், இருப்பு, வரத்து, வெளியேற்றம். ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி. ஒரு நாளுக்கு 86,400 வினாடி. வகுத்துப் பார்க்கச் சொன்னார். வினாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால்தான் ஒரு டிஎம்சி என்று நாங்களே கண்டுபிடித்தோம்.

அடுத்த நாள் கேள்வி: அணை 120 அடி நிரம்பினால் 93.47 டிஎம்சி. சொட்டு வரத்து இல்லாமல் வினாடிக்கு 12,000 கன அடி திறந்துகொண்டே இருந்தால் எத்தனை நாள் தாங்கும்? ஏறக்குறைய 90 நாள். ஆடுதுறை 43 ரக நெல் போட்டால் குறுவைப் பயிர் எத்தனை நாள்? 110. மீதி இருபது நாளுக்கு என்ன செய்வது?

“மழை சார்” என்றான் ஒருவன். “மழை வரலன்னா?” வகுப்பே சும்மா இருந்தது. அந்த வருஷம், வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ல் அணை திறக்கவில்லை. ஆகஸ்ட் 15-ல்தான் திறந்தார்கள். போர்வெல் இல்லாத வீட்டில் யாரும் குறுவை போடவே இல்லை.

சாயங்காலம் அப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். அவர் சிரித்தார். “நாத்தங்கால்ல இருக்கிற இருபத்தஞ்சு நாளுக்கு வயல் முச்சூடும் எதுக்குத் தண்ணி? அறுப்புக்குப் பத்து நாள் முந்தியே வடிச்சிடுவோம். ஒங்க சாருக்கு இது தெரியாதா?” மறுநாள் பயந்துகொண்டே சொன்னேன். சார் பலகையைத் துடைத்துவிட்டு, “அப்பா சொன்னதை முதல்லேர்ந்து சொல்லு” என்றார். மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு உழுகிற என் அப்பாவின் கணக்கு அன்றைக்குக் கரும்பலகையில் ஏறியது. என்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது எது என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ‘உன்னால் முடியும்’ என்று சார் யாரிடமும் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் இருந்த அறிவைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

தண்ணீர் வந்தபின் வாய்க்காலில் பாடம். அறுபது அடிக்கு இரண்டு முளைக்குச்சி, நடுவில் மிதக்க ஒரு வேப்பங்குச்சி, கையில் வாட்ச். முப்பது வினாடி ஆனால் வேகம் வினாடிக்கு இரண்டு அடி. மேலே ஓடுகிற வேகம் அடியில் இருக்காது என்பதால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். ஆறடி அகலம், இரண்டடி ஆழம். ஆக வினாடிக்கு ஏறக்குறைய இருபது கன அடி. மேட்டூர் எங்கே, இந்த இருபது எங்கே என்று பார்க்க நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்புக்குப் பேருந்தில் கூட்டிப்போனார். பெரிய வெண்ணாறு அங்கேதான் பாமணி, கோரையாறு, சின்ன வெண்ணாறு என மூன்றாகப் பிரிகிறது. அன்று ஷட்டர் எப்படி ஏறி இறங்கும் என்று சொல்லி, எங்களை அளவுகோல் படிக்க விட்ட லஸ்கர் (மதகுப் பணியாளர்) அண்ணனுக்கும் என் நன்றி. அவர் படிக்க வைத்த அளவைப் படித்துக் கையெழுத்துப் போடுவதுதான் இனி என் வேலையில் பாதி.

தேசிய வருவாய் வழி உதவித்தொகைத் தேர்வுக்கு எங்களைப் பெயர் கொடுக்க வைத்தவரும் சார்தான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து மாதாமாதம் 500 ரூபாய், 2017-லிருந்து 1,000. தொகை சிறிதுதான். ஆனால் மாட்டுக் கொட்டகைக்குக் கூரை மாற்ற வேண்டியிருந்தபோதுகூட அம்மா அதில் கை வைக்கவில்லை.

பிளஸ் டூ படிக்கையில் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல். வீட்டு ஓடு போனது, புத்தகம் எல்லாம் கூழ். அதைப் பற்றி நீட்டி எழுத மனமில்லை, உங்களில் பலருக்கு அதைவிடப் பெரிய இழப்பு. நான் அப்போது சாரின் மாணவிகூட இல்லை, டவுன் பள்ளிக்கு மாறிவிட்டேன். ஆனாலும் முந்தின வருஷம் முடித்த பையனின் புத்தகங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு, விழுந்த தென்னைகளைச் சுற்றிக்கொண்டு வண்டியில் வந்தார். கரண்ட் இல்லாத அத்தனை நாளும் பக்கத்து வீட்டு அத்தை தன் பெட்ரோமாக்ஸை எங்கள் திண்ணையில் வைத்தார். மண்ணெண்ணெய்க்குக் காசு வாங்கவில்லை. அத்தைக்கு நன்றி.

ரிசல்ட் வந்ததும் வீட்டில் கல்யாணப் பேச்சு. சார் வந்து அப்பாவிடம் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. “அண்ணே, ஒங்க கணக்கை வச்சு நாலு வருஷம் பாடம் நடத்திட்டேன். அத இவ படிச்சிட்டு வந்து நமக்குச் சொல்லட்டுமே” என்றார். அப்பா ஒத்துக்கொண்டார். முதல் பட்டதாரிச் சான்றுக்கு அலைந்தது சித்தப்பா. திருச்சியில் சிவில் படித்தபோது ஞாயிறுகளில் சோறு போட்டது சாரின் கல்லூரித் தோழர் வீடு.

கணக்கு வாத்தியார்கள் கும்பகோணம் என்றால் ராமானுஜன் கதை சொல்வார்கள். எனக்கென்னவோ அதைக் கேட்டால் பயம்தான் வரும். எங்கள் சார் சொல்வது வேறு. 1880-ல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, தன் இடத்துக்கு உ.வே.சாமிநாதையரைப் பரிந்துரைத்து அமர்த்தினார். இருவருக்கும் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. பிள்ளை மறைந்து அப்போது நான்கு வருஷம். “வாத்தியார் போயும் அவர் வேலை நடக்குது பாருங்க” என்பார் சார்.

அவர் வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறார். பிளக்ஸ், பொன்னாடை எதுவும் வேண்டாமாம். பழைய மாணவர்கள் சிலர் பேசி வைத்திருக்கிறோம்: உதவித்தொகைத் தேர்வுப் பயிற்சியை இனி நாங்கள் முறை வைத்து நடத்துகிறோம். எட்டாவது படிக்கும் பிள்ளைகள் ஞாயிறு காலை பள்ளிக்கு வரட்டும். ஏழாவதில் 55 சதவீதம் எடுத்திருந்தால் போதும், பட்டியலினப் பிள்ளைகளுக்கு 50. குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. வருமானச் சான்றுக்கு இப்போதே எழுதிப் போடுங்கள், கடைசி வாரத்தில் கிடைக்காது. அரசுப் பள்ளியிலேயே படித்து முடித்தால் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு, 2021-ல் வந்தது, எங்களுக்குக் கிடைக்காதது.

முதல் ஞாயிறு என் முறை. பிள்ளைகள் அன்றைய பேப்பரைக் கையோடு கொண்டு வரவும்.

நன்றியுடன்,
உங்கள் ஊர்ப் பெண்