முதலாளி பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போகாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓய்வூதியம், மருத்துவ உதவி போன்ற சமூகப் பாதுகாப்பைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை வாசகனாக, இரண்டாம் தடவை கையில் பேனாவோடு. பழக்கதோஷம். 31 வருஷமாக மெய்ப்புத் திருத்திப் பிழைப்பவன் நான். கட்டுரை நல்ல கட்டுரைதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: “கோடிக்கணக்கான தொழிலாளர்கள் இன்னும் வெளியே நிற்பதற்கு முதன்மைக் காரணம், அவர்களுக்குப் போதிய விழிப்புணர்வு இல்லாததே.”

கடைசியில் நிற்கும் அந்த ஏகாரத்தைக் கவனித்தீர்களா? ‘இல்லாதது’ அல்ல, ‘இல்லாததே’. தேற்றேகாரம். மேற்கொண்டு யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று அடித்துச் சொல்கிற ஏகாரம். நான்கு நாளாக அது என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

எனக்கு விழிப்புணர்வு இருக்கிறது ஐயா. வேண்டிய மட்டும் இருக்கிறது. ஐ.எல்.ஓ. என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பு நூலை மூன்று முறை எழுத்தெண்ணித் திருத்தியிருக்கிறேன். 1952-இல் வந்த 102-ஆம் உடன்படிக்கை சொல்லும் ஒன்பது பலன்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்: மருத்துவம், நோய்க்கால உதவி, வேலையின்மை, முதுமை, வேலையில் ஏற்படும் காயம், குடும்ப உதவி, மகப்பேறு, உடல் இயலாமை, சம்பாதிப்பவர் இறந்தால் மிஞ்சியவர்களுக்கான உதவி. ஒப்பிக்கத்தான் முடியும். ஒன்பதில் ஒன்றும் எனக்கில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் வலது கண்ணின் விழித்திரை கெட்டது. நுணுக்க எழுத்துப் பக்கமே போகாதீர்கள் என்றார் மருத்துவர். நுணுக்க எழுத்தைத் தவிர எனக்கு என்ன தெரியும்? சரி, உடல் இயலாமை உதவி என்று ஒன்று இருக்கிறதே, கேட்டுப் பார்ப்போம் என்று அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். மரியாதையாகத்தான் பேசினாள். விண்ணப்பத்தை அவளே கணினியில் நிரப்பினாள். பெயர், வயது, முகவரி எல்லாம் மளமளவென்று போனது. ‘முதலாளி பெயர்’ என்ற கட்டத்தில் வந்து நின்றது.

“அப்படி ஒருத்தர் இல்லையேம்மா” என்றேன்.

“ஏதாவது போடணும் ஐயா, இல்லேன்னா அடுத்த பக்கத்துக்குப் போகாது.”

ஒரு கோடு போட்டுப் பார்த்தாள். ஏற்கவில்லை. ஒரு புள்ளி வைத்தாள். குறைந்தது மூன்று எழுத்து வேண்டும் என்றது. மூன்று எழுத்தில் ‘இல்லை’ என்று போடச் சொன்னேன். வாழ்நாள் முழுக்க எழுத்தை எண்ணியவனாயிற்றே! அதை ஏற்றுக்கொண்டது. அடுத்த பக்கத்தில் அந்த முதலாளியின் பதிவு எண்ணைக் கேட்டது.

அப்புறம் அவளே, “சுயதொழில்னு போட்டுடலாமா?” என்றாள். போட்டோம். சுயதொழில் செய்பவர் என்றால் ஆண்டு வருமானக் கணக்கு, பாதுகாப்பு நிதிக்குச் சந்தா கட்டிய ரசீது. சந்தா கட்டவேண்டும் என்று 31 வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்டதும் இல்லை, நானாகப் போய்க் கேட்டபோது வாங்கிக்கொள்ள ஒரு கவுண்டர் இருந்ததும் இல்லை. மொத்தம் ஏழு தடவை நடந்தேன். ஏழாவது தடவை அந்தப் பெண் அங்கே இல்லை. அவளும் ஒப்பந்த ஊழியராம். ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். அவள் படிவத்தில் முதலாளி பெயர் என்று என்ன போட்டிருப்பாள் என்று அன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வேலை கொடுத்தவர்களிடம் ஒரு கடிதம் கேட்கலாம் என்று கிளம்பினேன். ஒரு பதிப்பகத்தில் உட்கார வைத்து உபசரித்துவிட்டுச் சொன்னார்கள்: “நீங்க எங்க ஆள் மாதிரிதான். ஆனா எங்க ஆள் இல்லையே.” இதைவிடச் சுருக்கமாக என் நிலைமையை இதுவரை யாரும் சொன்னதில்லை. கோபம்கூட வரவில்லை. வாக்கியம் பிழையின்றி இருந்தது.

உலகத்தில் முறைசாராத் தொழிலில், அதாவது என்னைப் போலப் பதிவும் பாதுகாப்பும் இல்லாத வேலையில், இருப்பவர்கள் ஏறக்குறைய 200 கோடிப் பேர் என்று உங்கள் கட்டுரையே சொல்கிறது. உழைப்பவர்களில் பத்துக்கு ஆறு பேர். இத்தனை பேரும் ஒருசேரத் தூங்கிக்கொண்டிருக்கிறார்களா?

சரித்திரத்தையாவது பார்த்திருக்கலாம். அமெரிக்காவில் 1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்பவர்களும் அதில் இல்லை. அவர்கள் மறந்துபோய் விண்ணப்பிக்காமல் இருந்துவிடவில்லை. சட்டமே அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்தது. ஐம்பதுகளில் திருத்தம் செய்துதான் படிப்படியாக உள்ளே விட்டார்கள். அதற்கும் முன்னால் 1898-இல் நியூசிலாந்து வரிப்பணத்திலிருந்து முதியோருக்கு ஓய்வூதியம் கொடுத்தது. உலகமே வியந்த சட்டம். சீனர்களுக்கும் மற்ற ஆசியர்களுக்கும் கிடையாது என்று அதிலேயே எழுதி வைத்தார்கள். ஆக, வெளியே நிற்கிறவன் எப்படி வெளியே போனான் என்று பார்த்தால், பல இடங்களில் பேனாவால் தள்ளப்பட்டுத்தான் போயிருக்கிறான். இன்றைக்கு அந்தப் பேனாவுக்குப் பதில் ‘நீங்கள் எங்கள் ஊழியர் அல்ல, பங்காளர்’ என்ற ஒப்பந்தம். பிரிட்டனில் வாடகைக் கார் செயலியான ஊபரின் ஓட்டுநர்கள் தாங்களும் தொழிலாளர்கள்தான் என்று நிலைநாட்ட உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2021 பிப்ரவரியில்தான் தீர்ப்பு வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலக மக்கள்தொகையில் பாதிக்கு மேல் சமூகப் பாதுகாப்புக் குடைக்குள் வந்துவிட்டார்கள் என்று கட்டுரையாளர் மகிழ்ந்திருக்கிறார். 2023 கணக்கில் 52.4 சதவீதம். எண் சரி. 2015-இல் இருந்த 42.8-ஐப் பார்க்கும்போது நல்ல சேதிதான். ஆனால் அது ‘ஏதாவது ஒரு பலனாவது கிடைப்பவர்கள்’ என்ற கணக்கு. முழுக் குடை வேண்டாம், ஒரு கம்பி கையில் அகப்பட்டாலே உள்ளே இருப்பதாக அர்த்தம். அந்தக் கணக்கிலும் 380 கோடிப் பேருக்கு ஒரு கம்பியும் இல்லை. ஏழை நாடுகளில் அந்த விகிதம் பத்து சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. 102-ஆம் உடன்படிக்கையிலும், ஒரு நாடு ஒன்பதில் மூன்றை ஏற்றுக்கொண்டாலே கையெழுத்துப் போட்டுவிடலாம். ஒன்பதுக்கு மூன்று எடுத்தால் பாஸ்!

பணத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு பத்தி இருக்குமென்று தேடினேன், இல்லை. பணக்கார நாடுகள் மருத்துவம் நீங்கலாகத் தங்கள் உற்பத்தி மதிப்பில் சராசரியாக 16.2 சதவீதத்தை இதற்குச் செலவழிக்கின்றன. ஏழை நாடுகள் 0.8 சதவீதம். அந்த நாடுகளில் அடிப்படை மருத்துவத்தையும் சேர்த்து எல்லோருக்கும் குறைந்தபட்சப் பாதுகாப்பு கொடுக்க வேண்டுமானால், மொத்த உற்பத்தி மதிப்பில் இன்னும் 52.3 சதவீதம் வேண்டும் என்கிறது ஐ.எல்.ஓ. அதாவது நாட்டின் வருமானத்தில் பாதிக்கு மேல். இதில் விழிப்புணர்வு வரவேண்டியது கூலிக்காரனுக்கா, கடன் கொடுப்பவர்களுக்கும் வரி ஏய்ப்பவர்களுக்குமா என்று நீங்களே சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாததா?

அதற்காக எதுவுமே நடக்காது என்று புலம்பவும் எனக்கு மனசில்லை. பிரேசிலில் 1988 அரசியலமைப்புக்குப் பிறகு, சிறு விவசாயிகள் சந்தா ரசீதைக் காட்ட வேண்டியதில்லை. இத்தனை வருஷம் நிலத்தில் உழைத்தேன் என்று காட்டினால் போதும், ஓய்வூதியம் உண்டு. உருகுவேயில் சிறு வியாபாரிகளுக்கு வரியையும் சந்தாவையும் ஒன்றாக்கி ஒரே கட்டணமாக வைத்தார்கள். லெசோத்தோ எவ்வளவு சிறிய, ஏழ்மையான நாடு! 2004-இல் 70 வயது தாண்டியவர்களுக்குத் தன் சொந்தப் பணத்திலிருந்தே ஓய்வூதியம் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. அங்கெல்லாம் மக்களுக்கு வகுப்பெடுத்ததால் இது நடக்கவில்லை. படிவத்தை மாற்றினார்கள். என்ன உழைத்தாய் என்று கேட்டார்கள், அல்லது என்ன வயது என்று மட்டும் கேட்டார்கள். உன் முதலாளி யார் என்று கேட்கவில்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன். தப்பாக நினைக்கக் கூடாது. ஒன்பது வருஷம் உங்கள் ஆண்டு மலர்களுக்கு நான் மெய்ப்புத் திருத்தியிருக்கிறேன். உங்களுக்கு நினைவிருக்காது, உங்களுக்கு முன் இருந்தவர் காலம். பக்கக் கணக்கில் கூலி, ஒரு நாள்கூடத் தாமதமில்லை, அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் கடிதம் கேட்டு அலைந்த நாளில் பழைய வவுச்சர்களை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் என் பெயர் இருக்கிறது, தொகை இருக்கிறது. ‘விவரம்’ என்ற இடத்தில் ‘இதரச் செலவு’ என்று இருக்கிறது. செய்த வேலை என்ன என்று ஒரு சொல் இல்லை. அலுவலகத்தில் அதை நீட்டினால், “இது என்ன ஐயா, ஆட்டோ வாடகையா?” என்று கேட்டார்கள். விழிப்புணர்வு இல்லாதவர்கள் என்று எங்களைப் பற்றி எழுதியவருக்கும் அந்தக் கட்டுரைக்கு அதே தலைப்பில்தான் பணம் போயிருக்கும். விசாரித்துப் பாருங்கள்.

எனக்கு இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. கேட்பது இரண்டே விஷயம். ஒன்று, இப்போது உங்களிடம் பக்கக் கணக்கில் வேலை செய்யும் பிள்ளைகளின் வவுச்சரில் ‘மெய்ப்புத் திருத்தக் கூலி’ என்று எழுதி, மாதத்தையும் போடச் சொல்லுங்கள். உங்களுக்கு அரை வரி மை. இரண்டு, அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் வெளியிடுங்கள். ஜெர்மனியில் அப்போது ஆட்சியை நடத்திய சான்சலர் பிஸ்மார்க் 1889-இல் ஓய்வூதிய வயதை 65 என்று வைத்ததாகக் கட்டுரை சொல்கிறது. அவர் காலத்துச் சட்டத்தில் இருந்தது 70. அதை 65 ஆக்கியது 1916-இல். அப்போது பிஸ்மார்க் இறந்து 18 வருஷம் ஆகியிருந்தது. இந்தத் தப்பு ஊர் உலகமெல்லாம் அச்சாகிறது, நம் பத்திரிகையில் வேண்டாம்.

அந்த ஏகாரத்தையும் எடுத்துவிட்டால் நிம்மதியாகத் தூங்குவேன்.

இப்படிக்கு,
ஒரு மெய்ப்புத் திருத்துநர்
(பெயர் வேண்டாம்; இன்னும் இரண்டு இடங்களில் வேலை கொடுக்கிறார்கள்)

பின்குறிப்பு: கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில் இரண்டு இடத்தில் ‘ஓய்வூதியம்’ என்பது ‘ஒய்வூதியம்’ என்று குறிலாக அச்சாகியிருக்கிறது. இதற்குக் கூலி வேண்டாம்.